கல்மணியும் கண்ணாடி மணியும்: கொடுமணல் முதல் அரிக்கமேடு வரை

மணி செய்தல் என்பது கல், கண்ணாடி, சங்கு, சுடுமண் முதலிய பொருள்களைச் சிறு உருண்டைகளாகவோ உருளைகளாகவோ ஆக்கி, துளையிட்டு, நூலில் கோப்பதற்கு ஏற்றவாறு அமைக்கும் கைத்தொழில் ஆகும். பேச்சு வழக்கில் இம்மணிகளைப் பாசி, பாசிமணி என்றும் கூறுவர். தமிழகத்தில் இத்தொழில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொன்மை உடையது. ஈரோடு மாவட்டத்தின் கொடுமணலும் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடும் இதற்குரிய சான்றுகள் மிகுதியாகக் கிடைத்த இடங்கள்.

இன்று வீட்டில் இருந்தபடியே மணிமாலை, காதணி, கைச்சங்கிலி செய்வது பலருக்குப் பொழுதுபோக்காகவும் சிலருக்குச் சிறு வருமானமாகவும் உள்ளது. கடையில் துளையிட்ட மணிகளைச் சரம் சரமாக வாங்கலாம். நைலான் இழை, கொக்கி, சிறு குறடு ஆகியவை இருந்தால் போதும். ஒரு பிற்பகலில் மாலை ஒன்று முடிந்துவிடும். கோப்பது எளிது. பழங்காலத்தில் இத்தொழிலின் அருமை முழுவதும் துளையில்தான் இருந்தது. ஆகவே மணியின் வரலாற்றை அதன் துளையைக் கொண்டு பார்ப்பதே பொருத்தம்.

கொடுமணல்

கொடுமணல் நொய்யல் ஆற்றின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே அமைந்த சிற்றூர். சேரர் தலைநகரான கரூரையும் மேற்குக் கடற்கரையின் முசிறித் துறையையும் பாலக்காட்டுக் கணவாய் வழியே இணைத்த பெருவழியில் இவ்வூர் இருந்தது. பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய 67ஆம் பாட்டும் அரிசில்கிழார் பாடிய 74ஆம் பாட்டும் 'கொடுமணம்' என்னும் ஊரின் அணிகலன்களைச் சிறப்பித்துக் கூறுகின்றன. அந்தக் கொடுமணமே இந்தக் கொடுமணல் என்பது அறிஞர் கொள்கை.

1985 முதல் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் இங்கு நடத்திய அகழாய்வுகளில் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல் உள்ளது. இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. ஆனால் நம் பொருளுக்கு முதன்மையானவை கல்மணிகள். பெரில், நீலக்கல், படிகம், செவ்வந்திக்கல், அகேட், சூதுபவளம் எனப் பல வகைக் கற்களில் முடிந்த மணிகளும், பாதி முடிந்த மணிகளும், துளையிடும்போது உடைந்த மணிகளும், உடைத்துப்போட்ட சில்லுகளும் வாழ்விடப் பகுதியிலேயே கிடைத்துள்ளன.

இந்தக் கடைசி இரண்டையும் வாசகர்கள் சிறிது கவனிக்க வேண்டும். முடிந்த மணி எந்த ஊரிலும் கிடைக்கலாம். விலைக்கு வாங்கியிருப்பார்கள், அல்லது யாரேனும் அணிந்து வந்திருப்பார்கள். உடைந்த மணியையும் கல் சில்லையும் விலை கொடுத்து வாங்குவார் இல்லை. அவை கிடக்கும் இடமே பட்டறை. கொடுமணலை வெறும் சந்தை ஊர் என்று சொல்லாமல் தொழிலூர் என்று சொல்ல நமக்கு உரிமை தருவது இந்தக் குப்பைதான்.

மூலப்பொருள்களில் சில பக்கத்திலேயே கிடைத்தன. கடல் நீரின் நிறமுடைய பெரில் காங்கேயத்தை அடுத்த படியூரிலும், நீலக்கல் இனத்துக் கற்கள் சிவன்மலைப் பகுதியிலும், படிகம் வெங்கமேட்டுப் பக்கத்திலும் கிடைக்கின்றன. சூதுபவளமும் அகேட்டும் குசராத்துப் பகுதியிலிருந்தும், நீல நிற இலாபிசு லசுலி ஆப்கானித்தானத்திலிருந்தும் வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

படியூர்ப் பெரிலைப் பற்றி ஒரு குறிப்பு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய எழுத்தாளர் பிளினி, பெரில் இந்தியாவிலிருந்தே பெரும்பாலும் வருகிறது என்கிறார். இந்தியர்கள் நீளமான பெரில்களை விரும்புவதாகவும், பொன்னில் பதிக்காமல் துளையிட்டு யானை மயிரில் கோப்பதாகவும் எழுதியுள்ளார். படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் போலிப் பெரில் செய்வதிலும் அவர்கள் வல்லவர்கள் என்று அவர் குறைப்பட்டுக்கொள்கிறார். போலிக்கல் நேற்று முளைத்த தொல்லை அன்று என்பது இதனால் தெரிகிறது. கோவை வட்டாரத்தில் உரோமானியக் காசுப் புதையல்கள் மிகுதியாகக் கிடைத்ததற்கு இக்கல் வணிகத்தைக் காரணமாகக் காட்டுவோர் உண்டு. வைடூரியம் என்ற வடசொல்லின் பாகத வடிவமே கிரேக்கத்தில் சென்று 'பெரில்' ஆனது என்பர். இன்று நாம் வைடூரியம் என்று சொல்வதோ பூனைக்கண் போன்ற வேறொரு கல்லை.

துளையிடும் நுட்பம்

கல்மணி செய்வதில் நான்கு நிலைகள் உண்டு: உடைத்து உருவாக்கல், தேய்த்தல், துளையிடல், மெருகேற்றல். குசராத்தின் கம்பாத்தில் இன்றும் இத்தொழில் நடைபெறுவதால், பழைய முறையை அங்குள்ள கைவினைஞர்களிடமிருந்து ஆய்வாளர்கள் அறிந்துகொண்டனர். அங்கே தரையில் நட்ட ஓர் இரும்பு முனையின்மேல் கல்லைச் சாய்த்துப் பிடித்து, எருமைக் கொம்பால் ஆன சுத்தியலால் மறுபுறம் தட்டுவர். அடி கொம்பிலிருந்து வந்தாலும் சில்லு இரும்பு முனை படும் இடத்தில்தான் பெயரும். நேரே இரும்புச் சுத்தியலால் அடித்தால் கல் கண்டபடி பிளந்துவிடும்.

துளையிடல்தான் நேரத்தையும் பொறுமையையும் விழுங்கும் வேலை. வில்லின் நாணைத் துளைக்கோலில் ஒரு சுற்றுச் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் கோல் சுழலும். கோலின் முனை கல்லைவிடக் கடினமாக இருக்க வேண்டும், அல்லது கடினமான பொடியைத் துளையில் இட வேண்டும். படிகத்தின் கடினம் மோசு அளவையில் 7. பெரில் 7.5 முதல் 8 வரை. இவற்றை இரும்பு முனை மட்டும் கொண்டு துளைக்க இயலாது. கடினம் 9 உடைய குருந்தக்கல் கொங்கு நாட்டிலேயே கிடைத்தது. ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று வழங்கும் சொல் நம் குருந்தத்திலிருந்து போனதே. கம்பாத்தில் துளைக்கோலின் முனையில் இரண்டு சிறு வைரத் துகள்களைப் பதித்துப் பயன்படுத்துகின்றனர். வைர முனை விட்டுச்செல்லும் நுண்ணிய வளையக் கோடுகளைப் பழைய தென்னிந்திய, இலங்கை மணிகளின் துளைகளிலும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

ஒரு பக்கத்திலிருந்தே முழுவதும் துளைத்தால், முனை வெளிவரும் இடத்தில் கல் பெயர்ந்துபோகும். எனவே பாதி துளைத்துத் திருப்பி, மறுபக்கத்திலிருந்து துளைப்பர். இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். பழைய மணிகளை ஒளிக்கு எதிரே பிடித்தால், இரு துளைகளும் சற்றே விலகிச் சந்தித்த இடம் சிறு படிபோல் தெரியும். அந்தப் படியைக் குறை என்று நான் கொள்ள மாட்டேன். கண்ணை மட்டும் நம்பி வேலை செய்த ஒருவரின் கையெழுத்து அது.

சூதுபவளத்தின் சிவப்பும் பெரும்பாலும் கைவேலையே. பூமியிலிருந்து எடுக்கும்போது அக்கல் மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். வெயிலில் பலநாள் உலர்த்தி, பின் பானையில் வைத்து மெல்லச் சூடேற்றினால் கல்லிலுள்ள இரும்புச் சேர்மம் மாறிச் செந்நிறம் பெறும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் கல் வெடித்துவிடும். செந்நிற மணியின்மேல் வெண்கோடுகள் போடும் கலையும் இருந்தது. சோடாக் காரத்தை ஒருவகைச் செடியின் சாற்றில் குழைத்துக் கோடு வரைந்து சுட்டால், கோடு அழியாமல் வெள்ளையாக நிலைக்கும். சிந்துப் பகுதியின் சேவானில் ஒரு முதியவர் இம்முறையைச் செய்துகாட்டியதை மக்கே என்ற தொல்லியலாளர் 1933இல் பதிவுசெய்துள்ளார். இவ்வகை மணிகள் கொடுமணலிலும் கிடைத்துள்ளன.

கொடுமணலின் கல்லறை ஒன்றில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. படியூர்ப் பெரில் கடல் கடந்து உரோமாபுரிக்குப் போயிற்று. இங்கே இறந்தவருடன் வைத்ததோ வடக்கிலிருந்து வந்த செம்மணி. தொலைவிலிருந்து வரும் பொருளுக்கே மதிப்பு என்னும் எண்ணம் இரு பக்கமும் இருந்திருக்கிறது போலும்.

அரிக்கமேடு

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் உள்ள மேடு அரிக்கமேடு. 'எரித்திரேயக் கடல் பெரிப்ளூசு' என்ற கிரேக்க நூல் கூறும் பொதுகே துறை இதுவே என்பர். 1930களின் பிற்பகுதியில், புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் சூவோ துப்ரெய்க்கு அங்குள்ள சிறுவர்கள் மேட்டில் கிடைத்த மணிகளையும் கற்களையும் கொண்டுவந்து கொடுத்தனர். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்து, இத்தாலியில் செய்த சிவப்பு மட்கலங்களைக் கொண்டு இவ்விடத்தின் காலத்தைக் கணித்தார். பின்னர் காசல் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவினரும் ஆராய்ந்தனர். வீலர் எண்ணியதைவிட முன்னரே குடியிருப்பு தொடங்கியதையும், உரோமானிய வணிகம் ஓய்ந்த பின்னும் அது நீடித்ததையும் பெக்லியின் ஆய்வு காட்டியது.

உரோமானியப் பானை ஓடுகளே அரிக்கமேட்டுக்கு உலகப் புகழ் தந்தன. பள்ளிப் பாடநூல்களும் அதையே முதலில் சொல்லும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பாடம் நடத்தினேன். ஆனால் வந்து இறங்கிய மதுச்சாடியைவிட, இங்கிருந்தே செய்து அனுப்பிய கண்ணாடி மணி பெரிய செய்தி என்பது என் கருத்து.

இழுப்பு மணி

கல்மணியில் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியே துளையிட வேண்டும். கண்ணாடியில் அந்தத் தொல்லையை நம் முன்னோர் வேறு வழியில் தீர்த்தனர். முதலில் துளையைச் செய்துவிட்டு, பின்பு அதை மணிகளாக நறுக்கினர்.

இம்முறை திருப்பதியை அடுத்த பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக் காலம் வரை கையாளப்பட்டது. உருகிய கண்ணாடியைத் திரட்டி 'லாடா' என்னும் நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் பெரிய கூம்பாக ஏற்றுவர். குழாயின் வழியே ஒரு கம்பியைச் செலுத்திக் கூம்பின் நடுவே பொந்து உண்டாக்குவர். கூம்பை மீண்டும் உலைக்குள் வைக்க, மறுபக்கத்தில் ஒருவர் கொக்கியால் நுனியைப் பிடித்து இழுக்கத் தொடங்குவார். கண்ணாடி இழையாக நீளும். நடுவிலுள்ள பொந்தும் உடன் நீண்டு மெல்லிய குழலாகும். இரு கைகளாலும் மாறி மாறி, நிறுத்தாமல், ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். வேகம் கூடினால் குழல் மெலியும், குறைந்தால் தடிக்கும். ஆறிய குழல்களைக் கத்தி முனையில் சிறு துண்டுகளாக நறுக்கி, சாம்பலில் புரட்டி மீண்டும் சூடேற்றுவர். துளை அடைபடாமலும் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் சாம்பல் காக்கும். கூரிய விளிம்புகள் மழுங்கி உருண்டையாகும். ஒரு கூம்பிலிருந்து ஆயிரக்கணக்கான மணிகள் கிடைக்கும்.

நிறமும் உலைக்காரரின் அறிவுக்கு உட்பட்டதே. செம்பைச் சேர்த்து, உலையில் காற்றைக் குறைத்தால் ஒளி புகாத செந்நிறம் வரும். காற்று தாராளமாக இருந்தால் அதே செம்பு பச்சையும் நீலமும் தரும். கோபால்ட்டு கருநீலம் தரும்.

அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிசு இம்மணிகளுக்கு 'இந்திய-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார். தாய்லாந்தின் கிலோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ, இலங்கையின் மாந்தை ஆகிய இடங்களிலும், தென்னாப்பிரிக்காவின் மாப்புங்குப்வேயிலும் இவ்வகை மணிகள் கிடைத்துள்ளன. அரிக்கமேட்டுக் கைவினைஞர்களே குடிபெயர்ந்து இத்தொழிலைப் பரப்பினர் என்பது அவர் கருத்து. கண்ணாடியின் வேதியியல் கூறுகளை ஆராய்ந்த பின்வந்தோர், எல்லா மணிகளும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை அல்ல என்று காட்டினர். மணி செய்யும் முறை ஓரிடத்திலும், கண்ணாடி உருக்கும் தொழில் வேறிடத்திலும் இருந்திருக்கலாம். இலங்கையின் கிரிபாவவில் கண்ணாடி உருக்கிய உலைகள் கிடைத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது. தமிழகத்தில் பழனிக்கு அருகே பொருந்தலிலும் கண்ணாடி மணிகள் பெருமளவில் கிடைத்துள்ளன.

பொறுக்கிய மணிகள்

மழை பெய்து ஓய்ந்ததும் தொல்லியல் மேடுகளில் மண் கழுவப்பட்டு மணிகள் பளிச்சிடும். சிறுவர்கள் பொறுக்குவர், பெரியவர்கள் கோத்து அணிவர், வெளியூரார் விலைக்குக் கேட்பர். 'பழங்கால மணி' என்ற பெயரில் இவற்றை வாங்கிச் சேர்க்கும் வழக்கம் மணிக்கோப்புப் பொழுதுபோக்கு உடையோரிடமும் பரவி வருகிறது. முதுமக்கள் தாழிகளும் கல்வட்டங்களும் மணிக்காகவே தோண்டப்பட்டுள்ளன.

இதில் உள்ள இழப்பைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எடுத்துச் செல்வது அழகான முழு மணியை மட்டும். உடைந்தவையும் சில்லுகளும் கலைந்துபோகும். எந்த மண்ணடுக்கில், எந்தப் பானை ஓட்டின் அருகில் அது கிடந்தது என்ற செய்தி போன பின், கையில் இருப்பது ஒரு சிவப்புக் கல் மட்டுமே. அதன் காலத்தை யாராலும் சொல்ல இயலாது. நேற்றுக் கம்பாத்தில் செய்ததாகக்கூட இருக்கலாம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் 10 உரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும்.  பழம்பொருள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

இன்றைய நிலை

காங்கேயம், கரூர் வட்டாரங்களில் கல் பட்டை தீட்டும் தொழில் இன்றும் உள்ளது. ஊசிமணி பாசிமணி விற்கும் நரிக்குறவர்கள் கோக்கும் மணிகளில் பெரும்பங்கு வட இந்தியாவிலிருந்து வருவன. உத்தரப் பிரதேசத்தின் புர்தில்நகர் கண்ணாடி மணிக்குப் பெயர்பெற்ற ஊர். நெகிழி மணிகளும் கலந்துவிட்டன. கோக்கும் கைத்திறம் மட்டும் அவர்களுடையது. அதை வீட்டில் உட்கார்ந்து மாலை செய்யும் நாம் அருகிருந்து கற்கலாம். முடிச்சை மணியின் துளைக்குள் மறைத்து விடும் அவர்கள் முறையில் இழை எளிதில் அறுவதில்லை.

கடையில் சூதுபவளம் என்று விற்பதில் பெரும்பகுதி சாயம் ஏற்றிய அகேட். உருப்பெருக்கியால் துளையின் உட்புறத்தைப் பார்த்தால், சாயம் துளையோரத்திலும் கீறல்களிலும் அடர்ந்து நிற்பது தெரியும். இயந்திரத் துளை ஒரே அளவாக, நேராக, கண்ணாடிபோல் இருக்கும். கையால் இட்ட பழைய துளை இரு வாய்ப்புறமும் சற்று அகன்று, நடுவில் ஒடுங்கி இருக்கும்.