கட்டடமும் ஒரு கருவியே

ஆராய்ச்சிக்கூடம் என்றதும் கருவிகளே நம் நினைவுக்கு வரும். அவற்றைத் தாங்கும் தரையை நாம் எண்ணுவதில்லை. அதனையும் எண்ணிப் பார்த்தவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்.

1871-ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் செய்முறைப் பௌதிகத்தின் முதற் பேராசிரியரானார். கூடம் அமைக்க, பல்கலைக்கழக வேந்தரான டெவன்ஷயர் பிரபு பொருளுதவினார். அவருடைய குடிப்பெயரே கேவண்டிஷ். மாக்ஸ்வெல் கிளாஸ்கோவிலும் ஆக்ஸ்போர்டிலும் இருந்த கூடங்களை நேரிற்கண்ட பின்னரே திட்டம் வகுத்தார்.

அருகே ஒருவர் நடந்தாலும் நுண்ணிய கருவியின் முள் அதிரும், அளவு பிழைபடும். ஆகவே காந்த அளவைக்குரிய அறை தரைத்தளத்தில் அமைந்தது. அங்கே மேசைகளைத் தாங்கிய தூண்கள் தரையோடு ஒட்டாமல் தனி அடித்தளத்தின்மேல் நின்றன. கதிரவன் ஒளியை உள்ளே திருப்பும் கண்ணாடியை வைப்பதற்கென்றே சாளரங்களுக்கு அகன்ற கல் விளிம்புகள் இடப்பட்டன. கோபுரத்தின் மேலிருந்த தொட்டியின் நீர் கீழே பாய்ந்து, கலங்களிலிருந்து காற்றை வெளியேற்றும் பம்பினை இயக்கிற்று.

1874-இல் கேவண்டிஷ் ஆராய்ச்சிக்கூடம் திறக்கப்பட்டது. போதாத கருவிகள் பலவற்றை மாக்ஸ்வெல் தம் சொந்தப் பொருளைக் கொண்டே வாங்கினார். 1879-இல் அவர் மறைந்தார். அக்கூடத்திலேதான் 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானையும், 1932-இல் சாட்விக் நியூட்ரானையும் கண்டறிந்தனர். அவற்றைக் காண மாக்ஸ்வெல் இல்லை. எனினும் பின்வந்தோர் அமைதியாக அளந்தறிய அசையாத இடம் ஒன்றை அவர் அமைத்துச் சென்றிருந்தார்.

எதை அளக்கப் போகிறோம் என்று முதலில் கேட்டு, அதன்பின் சுவர் எழுப்புவதே ஆராய்ச்சிக்கூடம் அமைக்கும் முறையாகும்.