ஆயத்தொலைவு மாற்றமும் கோட்டுச் சட்ட மென்பொருளும்

ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்த கோவில்பதாகை, ஏறத்தாழ 13° 8′ வட அட்சரேகையிலும் 80° 5′ கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. யூடிஎம் என்ற மீட்டர் கட்டத்தில் இதே ஊரின் ஈஸ்டிங் (கிழக்குத் தொலைவு) சுமார் 4 லட்சம் மீட்டர், நார்த்திங் (வடக்குத் தொலைவு) சுமார் 14.5 லட்சம் மீட்டர். பழைய இந்திய லாம்பர்ட் கட்டத்தில் அவை சுமார் 27.5 லட்சமும் 10.4 லட்சமும் ஆகிவிடும். வருவாய்த் துறையின் புலப்படத்தைப் பிரித்தால் இவற்றில் ஒன்றுகூட இருக்காது. சர்வே எண்ணும், கல்லுக்குக் கல் அளந்த தூரமும்தான் இருக்கும். இந்த எண்களை ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றித் தருவதே கோட்டுச் சட்ட மென்பொருளின் வேலை.

அந்த வேலைக்குள் இரண்டு வேலைகள் உண்டு. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிப்பது ஒன்று. அதைத்தான் கோட்டுச் சட்டம் என்கிறோம். பூமியின் உருவத்தையும் அளவையும் எப்படி வைத்துக்கொண்டு அட்சமும் தீர்க்கமும் கணக்கிட்டார்கள் என்பது மற்றொன்று. சர்வேயர்கள் இதை டேட்டம் என்பார்கள். டேட்டம் சொல்லாமல் ஆயத்தொலைவு சொல்வது, ஊர்ப் பெயர் சொல்லாமல் கதவு எண்ணை மட்டும் சொல்வதற்குச் சமம். கோட்டுச் சட்டத்தின் கணிதம் எப்போதோ தீர்ந்துபோன விஷயம். இந்தியாவில் இந்த மாற்றத்தின் சிக்கல் முழுவதும் டேட்டத்தில்தான் இருக்கிறது, அந்தச் சிக்கலின் முதல் முடிச்சு சென்னையிலேயே விழுந்தது.

பரங்கிமலையிலிருந்து

1792-இல் நுங்கம்பாக்கத்தில் மதராஸ் வானாய்வுக்கூடம் கட்டப்பட்டது. அதற்குக் காரணமான மைக்கேல் டாப்பிங் 1794-இல் நில அளவைப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். கிண்டிப் பொறியியல் கல்லூரி தன் வரலாற்றை அந்தப் பள்ளியிலிருந்தே எண்ணுகிறது. 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே சுமார் 7½ மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். கருவி, நூறு அடி நீள எஃகுச் சங்கிலி. வேலை முடிய 57 நாள் ஆயிற்று. அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்ததுதான் இமயம் வரை போன மாபெரும் முக்கோணவியல் அளவை.

தூரத்துக்கு அடிக்கோடு போதும். தீர்க்கத்துக்கு ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும், அதுவும் சென்னையாகவே அமைந்தது. கிரீன்விச்சிலிருந்து மதராஸ் வானாய்வுக்கூடம் எத்தனை பாகை கிழக்கே என்று வான்நோக்கிக் கணித்த எண்ணை வைத்து நாட்டின் மற்ற தீர்க்கங்களைக் கணக்கிட்டார்கள். பின்னாளில் தந்திக் கம்பி வழியே நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த எண் சுமார் 2½ கலை கூடுதல் என்று தெரிந்தது. சென்னை அட்சத்தில் அது 4 கிலோமீட்டருக்கும் மேல். முக்கோணங்கள் எல்லாம் சரி, ஊர்களுக்கு இடையே தூரமும் சரி. நாடு மொத்தமாகக் கிழக்கே நகர்ந்து உட்கார்ந்திருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய நிலப்படங்களின் ஓரத்தில் இருக்கும் தீர்க்கத்தை இன்றைய மென்பொருளில் அப்படியே கொடுப்பவர்கள் இந்த 4 கிலோமீட்டரை இப்போதும் சந்திக்கிறார்கள்.

எவரெஸ்டின் பூமி

லாம்டன் 1823-இல் இறந்த பிறகு பொறுப்பேற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அவர் 1830-இல் கணித்துத் தந்த உருவத்தில் பூமியின் நடுக்கோட்டு ஆரம் 2,09,22,931.80 அடி. மத்திய இந்தியாவின் கல்யாண்பூர் இந்த டேட்டத்தின் தொடக்கப் புள்ளி ஆனது. இந்தியத் துணைக்கண்டத்தின் நிலப்படங்கள் எல்லாம் இந்தப் பூமியின் மேல்தான் வரையப்பட்டன. இலங்கையும் இதே உருவத்தைக் கொண்டு, கண்டவல என்ற தனி டேட்டத்தை வைத்துக்கொண்டது. அதனால் யாழ்ப்பாணத்துப் படத்தையும் வேதாரண்யத்துப் படத்தையும் ஓரம் சேர்த்து வைத்தால் இன்றும் பொருந்தாது.

அடியில் சொன்ன ஆரத்தை மீட்டருக்கு மாற்றும்போது வேடிக்கை தொடங்கியது. இந்திய அடி என்பது எத்தனை மீட்டர்? 1937-இல் ஒரு விடை, 1962-இல் இன்னொன்று, 1975-இல் மூன்றாவது. வேறுபாடு ஆறாம் ஏழாம் தசம இடத்தில்தான். ஆனால் இரண்டு கோடி அடியால் பெருக்கினால் ஆரம் முறையே 63,77,276.345, 63,77,301.243, 63,77,299.151 மீட்டர் என்று மூன்றாகப் பிரிகிறது. மென்பொருள் பட்டியலில் எவரெஸ்ட் என்று தேடினால் ஒரே பெயரில் பல பதிவுகள் வந்து நிற்பதற்கு இதுதான் காரணம். பூமி மாறவில்லை, அளவுகோல் மாறியது. தவறான பதிவைத் தேர்ந்தவருக்குப் பிழைச் செய்தி எதுவும் வராது. விடைதான் சில மீட்டர் தள்ளி விழும்.

இன்று ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-இல் ஆரம் 63,78,137 மீட்டர், மையம் பூமியின் நிறை மையம். எவரெஸ்டின் பூமிக்கு மையமே வேறு இடம். 1975-ஆம் ஆண்டின் கல்யாண்பூர் டேட்டத்திலிருந்து டபிள்யூஜிஎஸ் 84-க்கு வர, உலகெங்கும் புழங்கும் மூன்று எண்கள் 295, 736, 257. மூன்று அச்சுகளிலும் மையத்தை அத்தனை மீட்டர் நகர்த்த வேண்டும். கோவில்பதாகைக்குக் கணக்குப் போட்டால், அட்சம் சுமார் 5 விகலை கூடும், தீர்க்கம் 5 விகலைக்குச் சற்று மேல் குறையும். நிலத்தில் இது 220 மீட்டருக்குக் குறையாது. பழைய படத்திலிருந்து எடுத்த எண்ணை மாற்றாமல் ஜிபிஎஸ் கருவியில் கொடுத்தால், ஏரிக்கரைக்குப் போக வேண்டியவர் தென்கிழக்கே இரண்டு தெரு தள்ளிப் போய் நிற்பார். இந்த மூன்று எண்களும்கூடப் பத்துப் பதினைந்து மீட்டர் பிழைக்கு இடம் வைத்தவை. ஊரைக் கண்டுபிடிக்கலாம், மனையைக் கண்டுபிடிக்க முடியாது.

தாளும் கட்டமும்

இந்திய நில அளவைத் துறையின் பழைய அட்டவணையில் கோவில்பதாகை 66 சி/4 என்ற தாளில் வருகிறது. அந்தத் தாளின் மேற்கு ஓரம் 80° தீர்க்கரேகை. ஆவடியிலிருந்து மேற்கே 11 கிலோமீட்டர் அளவில், திருநின்றவூரைத் தாண்டி அது ஓடுகிறது. தென்னிந்தியாவுக்கான லாம்பர்ட் கட்டத்தின் நடுக்கோடும் இதே 80°தான். அதன் தொடக்க அட்சம் 12°. கட்டத்தின் ஈஸ்டிங் 27,43,195.5 என்று ஏன் இப்படிக் கோணலாகத் தொடங்குகிறது என்று கணினி முன் உட்கார்ந்து தலையைச் சொறிபவர்கள் உண்டு. அது முப்பது லட்சம் கெஜம். கெஜம் போன பிறகும் அதன் நிழல் மீட்டரில் இருக்கிறது.

2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கை, பொதுமக்களுக்கான படங்களை டபிள்யூஜிஎஸ் 84 டேட்டத்துக்கும் யூடிஎம் கோட்டுச் சட்டத்துக்கும் மாற்றியது. பாதுகாப்புத் துறைக்கான வரிசை தனியாக நின்றது. விமானப்படைத் தளமும் கனரக வாகனத் தொழிற்சாலையும் இருக்கும் ஆவடி வட்டாரத்தில் இந்தப் பிரிவு வெறும் காகிதச் செய்தி அல்ல. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள், நிலப்படத் தரவு எடுப்பதற்கும் வெளியிடுவதற்கும் இருந்த முன் அனுமதிகளைப் பெரும்பாலும் நீக்கின.

யூடிஎம் உலகை 6 பாகை அகல மண்டலங்களாக வெட்டுகிறது. 78° தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டாக்குகிறது: சென்னை, சேலம், மதுரை 44-ஆம் மண்டலம், கோவை, ஈரோடு, திருநெல்வேலி 43. ஒரு மாநிலப் படத்தை ஒரே மண்டலத்தில் போட்டால் ஒரு பக்கம் இழுபடும். இந்த வெட்டைத் தவிர்க்கவே மாநிலத்துக்கு ஒன்றாக லாம்பர்ட் கட்டங்கள் பின்னர் வகுக்கப்பட்டன; தமிழ்நாட்டுக்கும் ஒன்று உண்டு.

மென்பொருள்

இந்தக் கட்டங்களுக்குப் பெயர் தந்த கணிதவியலாளர் லாம்பர்ட் தன் கூம்பு முறையையும், யூடிஎம்முக்கு மூலமான குறுக்கு மெர்கேட்டரையும் 1772-இலேயே வெளியிட்டுவிட்டார். நெடுங்காலம் அவை மடக்கை அட்டவணைகளால் கணக்கிடப்பட்டன. அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையில் இருந்த ஜெரால்டு ஈவண்டன் அந்தச் சூத்திரங்களைக் கணினி நிரலாக எழுதினார். அதே துறையின் ஜான் ஸ்னைடர் 1987-இல் வெளியிட்ட கையேடு அந்தச் சூத்திரங்களின் தொகுப்பு. ஈவண்டனின் நிரலுக்கு ப்ராஜ் என்று பெயர். அட்சமும் தீர்க்கமும் கொடுத்தால் மீட்டர் தரும், மீட்டர் கொடுத்தால் திருப்பித் தரும். டேட்டம் மாற்றுவது அதன் தொடக்கக் கவலையாக இருக்கவில்லை. பின்னர் கனடாவின் ஃபிராங்க் வார்மர்டாம் அதைப் பராமரிக்க எடுத்துக்கொண்டார். கிராஸ், க்யூஜிஐஎஸ், போஸ்ட்ஜிஐஎஸ் என்று கட்டற்ற மென்பொருள்கள் பலவும் உள்ளே ப்ராஜையே நம்பியிருக்கின்றன.

எந்த எண் எந்தப் பூமியைச் சேர்ந்தது என்ற பதிவேட்டை உருவாக்கியது எண்ணெய்த் தொழில். வட கடலில் துளையிட்ட நிறுவனங்களுக்கு நாட்டுக்கு நாடு டேட்டம் மாறியது தலைவலியாக இருந்தது. அவற்றின் அளவையாளர் குழுவான ஈபிஎஸ்ஜி ஒவ்வொரு முறைக்கும் ஒரு குறியெண் கொடுத்தது. டபிள்யூஜிஎஸ் 84-க்கு 4326. கோவில்பதாகை இருக்கும் யூடிஎம் மண்டலத்துக்கு 32644. தென்னிந்தியாவுக்கான பழைய லாம்பர்ட் நான்காம் மண்டலத்துக்கு 24383. இந்தப் பதிவேடு செய்த நன்மை, என் கணிப்பில், எந்தச் சூத்திரம் செய்ததையும்விடப் பெரியது.

2018-இல் வந்த ப்ராஜ் 5, மாற்றத்தைப் பல படிகளாகக் கோக்க வழி செய்தது. 2019-இன் ப்ராஜ் 6 ஈபிஎஸ்ஜி பதிவேட்டைத் தரவுத்தளமாக உள்ளே கொண்டுவந்தது. கூடவே ஒரு குழப்பமும் வந்தது. 4326-இன் முறைப்படியான வரிசையில் அட்சம் முதலில், தீர்க்கம் பிறகு. பல நிரல்களோ மாற்றியே எழுதிப் பழகியிருந்தன. 13-ஐயும் 80-ஐயும் இடம் மாற்றிக் கொடுத்தால் கோவில்பதாகை ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடலில் போய் விழும். அவ்வளவு பெரிய பிழை நல்லது, உடனே கண்ணில் படும்.

கண்ணில் படாத பிழை வேறு. கூகுள் மேப்ஸ் பரவலாக்கிய வலை மெர்கேட்டர், திரையில் பார்க்க மட்டுமே தகுந்தது. சென்னை அட்சத்தில் அது நீளத்தை 2.7 சதவீதமும், பரப்பை 5 சதவீதத்துக்கு மேலும் ஊதிக் காட்டும். அந்தச் சட்டத்தில் ஏரி எல்லையை வரைந்து தட்டையாகப் பரப்பைக் கணக்கிட்டால், இல்லாத நிலம் இருபதில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். ஏரி ஆக்கிரமிப்பு வழக்குகள் நடக்கும் புறநகர்களில் இது சிறிய விஷயமல்ல. யூடிஎம்மிலும் ஆவடிப் பக்கம் கிலோமீட்டருக்கு 28 சென்டிமீட்டர் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

புலப்படமும் செயற்கைக்கோளும்

புலப்படத்தை மென்பொருளுக்குள் கொண்டுவருவது இன்னும் கடினம், ஏனெனில் அதற்கு டேட்டமே கிடையாது. ஜி-லைன் என்ற அடிக்கோடும் அதிலிருந்து பக்கவாட்டில் எடுத்த தூரங்களும்தான் அதன் உலகம். கொலாப்லேண்ட் மென்பொருளில் புலப்படங்கள் எண்ணுருவான பிறகும், அந்த உலகம் பூமியில் எங்கே இருக்கிறது என்பது தனிக் கேள்வி. விடை களத்தில்தான் கிடைக்கும்: நிலைத்திருக்கும் சர்வே கற்களில் துல்லிய ஜிபிஎஸ் கருவியான டிஜிபிஎஸ் வைத்து அளந்து, அவற்றோடு படத்தைப் பொருத்த வேண்டும். கற்கள் நகர்ந்திருந்தாலோ, சாலை போட்டபோது புதைந்திருந்தாலோ, எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது.

நிலமும் சும்மா இருப்பதில்லை. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கிறது. சென்டிமீட்டர் துல்லியம் கேட்கும் வேலையில் டேட்டத்தோடு அளந்த ஆண்டையும் சொல்ல வேண்டும். புதிய ப்ராஜ் பதிப்புகள் அதையும் உள்ளீடாக ஏற்கின்றன.

கோவில்பதாகையில் மனையோ நிலமோ அளந்து ஆயத்தொலைவுப் பட்டியல் வாங்குபவர்கள், அந்தத் தாளிலேயே டேட்டம், மண்டலம், ஈபிஎஸ்ஜி குறியெண், அளந்த தேதி நான்கையும் எழுதித் தரும்படி சர்வேயரிடம் கேட்டு வாங்குங்கள்.