படுக்கையிலிருந்து ஒரு கருணை மனு

நாவல் எழுத ஓய்வு கிடைக்கும் என்று நம்பித் தூதுவர் பதவியை ஏற்றவர் பிராண்ட் விற்லொக். அமெரிக்காவின் ரொலிடோ நகரில் நான்கு முறை மேயராகத் தெரிவானவர். 1914இன் தொடக்கத்தில் பெல்ஜியத்துக்கு வந்தார். ஆகஸ்டில் ஜேர்மன் படை புகுந்தது. பெல்ஜிய அரசு தலைநகரை விட்டகன்றது. விற்லொக் பிரசெல்ஸிலேயே தங்கி, பட்டினியை எதிர்கொண்ட மக்களுக்கு உணவு வந்துசேரத் துணைநின்றார்.

1915 ஒக்டோபர் 11. நேசநாட்டுப் படையினர் தப்பியோட உதவிய ஆங்கிலேயத் தாதி ஈடித் கவெலுக்கு மரண தண்டனை. அந்தத் தண்டனையையே வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர் விற்லொக். அன்றோ நோயில் கிடந்தார். நேரில் வர இயலவில்லை, இரக்கம் காட்டுங்கள் என்று ஜேர்மன் அதிகாரி லாங்கனுக்கு எழுதினார். கடிதத்தைச் செயலாளர் ஹியூ கிப்சன் கொண்டுபோனார். லாங்கன் நாடகம் பார்க்கப் போயிருந்தார்! அழைத்து வந்து, நள்ளிரவு வரை மன்றாடினர். இராணுவ ஆளுநர் மறுத்துவிட்டார். விடிகாலையில் கவெல் சுடப்பட்டார்.

விற்லொக் எழுந்து போயிருந்தால்? முடிவு மாறியிராது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அந்தக் கேள்வியிலிருந்து அவரை யாரால் விடுவிக்க முடியும்?

1919இல் பெல்ஜியம் பற்றி இரு பாகங்களில் எழுதினார். ஓஹையோச் சிற்றூர் பற்றிய அந்த நாவல் 1923இலேதான் வெளிவந்தது.