பம்பாய்த் தோட்டத்துப் பலா

பலாப்பழத்தை நாம்தான் பாலக்காட்டிலிருந்து ரயிலேற்றி மும்பைக்குக் கொண்டுவந்தோம் என்று மாட்டுங்காத் தமிழர்கள் இன்றும் பேசுவார்கள். என் அம்மாவும் அந்தக் கட்சிதான். "இந்த ஊர்க்காராளுக்குச் சக்கையைப் பத்தி என்ன தெரியும்?" என்பாள், கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே. சரித்திரம் அம்மா பக்கம் இல்லை.

கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துக்கீசிய வைத்தியர் 1563-ல் கோவாவில் அச்சிட்ட நூலில் பலாவையும் நாவலையும் ஒரே அத்தியாயத்தில் பேசுகிறார். பம்பாய்த் தீவையே குத்தகைக்கு வைத்திருந்தவர் அவர். அங்கே தன் மாமரம் வருஷத்துக்கு இரண்டு முறை காய்க்கும் என்று பெருமையடித்துக்கொள்கிறார். ஆங்கிலேயருக்குத் தீவு சீதனமாகப் போனதே அதற்கு நூறு வருஷம் கழித்துத்தான்.

கிர்காவ், கால்பாதேவிப் பக்கம் நடந்தால் பணஸ்வாடி, ஆம்பேவாடி, கேளேவாடி, ஜாம்புள்வாடி என்று வரிசையாக வரும். பலா, மா, வாழை, நாவல் நின்ற தோட்டங்கள். பருத்தி வியாபாரமும் ஆலைகளும் ஜனத்தை இழுத்துவந்தபின் அங்கெல்லாம் சால்கள் என்னும் வாடகைக் குடியிருப்புகள் எழும்பின. மரத்தின் வரும்படியைவிட அறை வாடகை அதிகம். வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், தென்னாட்டுப் பாணியில் வேங்கடேசருக்கு 1927-ல் கோயில் எழும்பியதும் அதே பணஸ்வாடியில்தான். 1896-ல் பிளேக் வந்து, நகரை வடக்கே விரிக்கும் திட்டத்தில் மாட்டுங்கா மனைகளாகி, நம்மவர்கள் குடியேறியதெல்லாம் இந்தத் தோட்டங்களுக்குப் பிறகு நடந்த கதை.

கொங்கணத்தார் பலாவைக் காப்பா, பர்க்கா என்று இரண்டாகப் பிரிப்பார்கள். முன்னது நம் வருக்கை, பின்னது கூழை. கூழையின் சாற்றைப் பிழிந்து வெயிலில் உலர்த்தினால் பணஸ்போளி. அம்மா அதையே வெல்லம் போட்டு உருளியில் கிளறினால் சக்கவரட்டி.

உண்மையான வெளியூர்க்காரன் சீமைப்பலா. நாம் கடச்சக்கை என்று எரிசேரி வைப்பதும், அவர்கள் நீர்பணஸ் என்று வில்லை போட்டு வறுப்பதும் பசிபிக் தீவுகளின் மரத்தைத்தான். 1789-ல் 'பௌண்டி' கப்பலில் கலகம் மூண்டபோது அது சுமந்திருந்தது இதன் கன்றுகளைத்தான். பூர்வீகப் பெருமை பேசுகிறவர்கள் இதைச் சாப்பிடும்போது மட்டும் ஊர் விசாரிப்பதில்லை.

மே மாதம் மாட்டுங்கா மார்க்கெட்டில் சக்கை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கொங்கணத்து ரத்னகிரிப் பழம் என்று கடைக்காரர் சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள். ஒரு சுளை வாங்கித் தின்று பாருங்கள்.