அற்புதப் புனைவிலும் அறிவியல் புனைவிலும் சமயம்: தமிழ் மரபு

தெய்வம், வினை, மறுபிறப்பு, பிரளயம் முதலிய சமயக் கருத்துகள் அற்புதக் காப்பியங்களிலும் அறிவியல் புனைகதைகளிலும் இடம்பெறுவதை மேலைத் திறனாய்வாளர்கள் பெரும்பாலும் 'தாக்கம்' என்ற பெயரில் ஆராய்கிறார்கள். மதம் தனியே இருக்கிறது, கதை தனியே இருக்கிறது, முன்னது பின்னதற்குள் கசிகிறது என்பது அவர்களின் அனுமானம். டோல்கீன் தம் கத்தோலிக்க நம்பிக்கையைக் கதையின் அடியில் மறைத்து வைத்தார். ஃபிராங்க் ஹெர்பர்ட் 'டியூன்' (1965) நாவலில் தீர்க்கதரிசனத்தை அரசியலின் கையில் ஒரு கருவியாகக் காட்டினார். இருவருக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். தமிழுக்கு அது பொருந்திவரவில்லை. தமிழில் அற்புதக் கதை தொடக்கத்திலேயே சமயங்கள் மோதிக்கொள்ளும் வாதக்களமாக இருந்தது. பறத்தலும் உருமாற்றமும் வற்றாத பாத்திரமும் அங்கே ஒரு கொள்கையைச் சோதித்துப் பார்க்கும் வழிகள்.

இதற்கு முதற்சான்று சீத்தலைச் சாத்தனாரின் 'மணிமேகலை'. 1898இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பிறகே இது மீண்டும் பரவலான வாசிப்புக்கு வந்தது. கடலில் கப்பல் உடைந்து தத்தளிப்பவர்களைக் காக்கும் தெய்வம் மணிமேகலா. காப்பியத் தலைவிக்கு அந்தப் பெயரே சூட்டப்படுகிறது. அந்தத் தெய்வமே அவளை வான்வழியே மணிபல்லவத் தீவுக்கு எடுத்துச் செல்கிறது. அங்கே புத்த பீடிகை முற்பிறப்பை உணர்த்துகிறது, கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி கைக்கு வருகிறது. அவள் பெறும் மந்திரங்கள் மூன்றே: வேற்றுருக் கொள்ள ஒன்று, வானில் செல்ல ஒன்று, பசி தாங்க ஒன்று. இந்த வரம்பு கவனிக்கத்தக்கது. எதையும் செய்துவிடும் மாயமாக இல்லாமல், இன்னதைத்தான் செய்யும் என்று எல்லை கட்டிய ஆற்றலாக அது தரப்படுகிறது. இன்றைய அறிவியல் புனைகதை எழுத்தாளர் தம் கற்பனைக் கருவிக்கு விதிக்கும் கட்டுப்பாட்டுக்கு இது வெகு நெருக்கம். சாதுவன் கதை இன்னும் ஒரு படி மேல். சூதில் பொருள் தோற்றுக் கடலோடிய அவன், கலம் உடைந்து, பாய்மரத்துண்டைப் பற்றி நாகர் மலையில் ஒதுங்குகிறான். நரமாமிசம் தின்னும் அந்த மக்களின் மொழி தெரிந்திருந்ததால் பிழைக்கிறான். தலைவன் தரும் கள்ளையும் ஊனையும் மறுக்கிறான். உடம்பு போனபின் உயிர் எங்கே போகும் என்ற கேள்வி எழுகிறது. சாதுவன் பதில் சொல்கிறான். உடைகலத்து மனிதரைக் கொல்வதில்லை என்று நாகர் ஒப்புக்கொள்கிறார்கள். வேற்றுலகத்தாருடன் முதல் சந்திப்பு என்று அறிவியல் புனைவு பின்னாளில் வளர்த்தெடுத்த கதையமைப்பு முழுவதும் இதில் இருக்கிறது. வெல்வது ஆயுதம் அல்ல, தத்துவம்.

மற்ற காப்பியங்களும் இந்தப் போக்கை உறுதிசெய்கின்றன. திருத்தக்கதேவரின் சமணக் காப்பியமான 'சீவக சிந்தாமணி'யில், கருவுற்ற அரசி விசயை மயிற்பொறியில் ஏறித் தப்புகிறாள். அது கம்மியர் கையால் செய்த எந்திரம். அரண்மனையிலிருந்து கிளம்பிச் சுடுகாட்டில் இறங்குகிறது; செல்வம் நிலையாது என்னும் சமணக் கருத்துக்கு இதைவிடக் கச்சிதமான பறக்கும் பாதை கிடைக்காது. 'நீலகேசி'யில் ஒரு பேய்மகள் சமணத் துறவியாகி, பௌத்தர் முதலான பலரையும் தேடிச் சென்று வாதத்தில் வெல்கிறாள். இவையெல்லாம் சமய நூல்கள், எழுதியவர்களும் கேட்டவர்களும் இவற்றை உண்மை என்றே நம்பினார்கள், ஆகவே புனைவு வகையில் சேர்ப்பது காலமுரண் என்று ஒரு மறுப்பு உண்டு. ஓரளவு நியாயமான மறுப்புதான். ஆனால் மணிமேகலையில் தலைவி பல சமயத்தாரின் கொள்கைகளையும் கேட்கிறாள், உலகாயதனும் பேசுகிறான். நம்பாதவனுக்கும் பேச இடம்தந்த நூல், தன் அற்புதங்களை வெறும் நம்பிக்கையின்மேல் மட்டும் நிறுத்தவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. நவீன அறிவியல் புனைகதை வெர்ன், வெல்ஸ் வழியே வந்தது. அதற்குப் பழங்காப்பியத்தில் வேர் தேடுவது, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்ற பெருமைப் பேச்சில் போய் முடியும். மயிற்பொறி பண்டைய விமானத்துக்குச் சான்று என்று சொல்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை. தொடர்ச்சி கருவிகளில் இல்லை, கதை செய்யும் வேலையில் இருக்கிறது. பாரதியின் 'ஞானரதம்' ஞானத்தையே தேராக்கிப் பல உலகங்களுக்குப் போய் ஒவ்வொன்றின் அறத்தையும் எடைபோடுகிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் மக்கள் உயிராய்ப் போற்றும் தலைவர் ஜீவா, கடைசியில் வெறும் ஒளியுருவம், ஹோலோகிராம். பக்திக்கு எதிரே ஒருவர் இருந்தாக வேண்டுமா என்ற பழைய கேள்வியின் மின்னணு வடிவம் இது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, மின்னணுப் பொறியாளராக வேலை பார்த்து, ஆழ்வார்களைப் பற்றியும் பிரம்ம சூத்திரம் பற்றியும் எழுதிய ஒருவரிடம் அது தற்செயலாக வந்திருக்க முடியாது. அவருடைய 'திமலா' சிறுகதையில் எதிர்காலத்துத் தம்பதி திருமலைக்குப் போகிறார்கள். எல்லாமே எந்திரமயம், தரிசன ஆசை மட்டும் தேயவில்லை.

அறிவியல் வளர மதம் விலகும் என்ற எதிர்பார்ப்பை வைத்துத்தான் 'தாக்கம்' என்ற பேச்சே எழுகிறது. அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு உள்ளூர்த்தன்மை கொண்டது என்பதைப் பழவேற்காட்டு ஏரிக்கரை காட்டுகிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாவில் 1971 அக்டோபரில் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது; 1980 ஜூலை 18இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. ஏவுதலுக்கு முன் விஞ்ஞானிகள் ராக்கெட்டின் சிறு மாதிரியைத் திருமலையில் வைத்து வணங்குகிறார்கள்; ஏரியின் மேற்கே சூலூர்ப்பேட்டைச் செங்காளம்மனையும் வழிபடுகிறார்கள். லைட்ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்களுக்கு அன்று கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும். அவர்களுக்கு ராக்கெட் என்பது வானத்து நெருப்பு மட்டுமில்லை, ஒருநாள் தொழில் இழப்பும்கூட. பழவேற்காட்டு ஆதிநாராயணப் பெருமாள் கோயிலின் செம்புறைக் கல்லில் இராமாயணக் காட்சிகள் விரலளவுச் சிற்பங்களாக வரிசையாக ஓடுகின்றன. காப்பியம், கோயில், ஏவுதளம் மூன்றும் ஒரே ஏரியைச் சுற்றி அமைந்திருக்கின்றன.

இதை ஆர்தர் சி. கிளார்க்கின் 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' (1979) நாவலுக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம். இலங்கையில் வாழ்ந்த அவர், அங்குள்ள சிவனொளிபாத மலையை மாதிரியாகக் கொண்டு ஒரு மலையைப் படைத்தார். அதன் உச்சியிலிருந்து விண்ணுக்கு உயர்த்தி கட்ட வேண்டுமானால் பௌத்த மடம் இடம்பெயர வேண்டும். பொறியாளரா, துறவியா என்பதே அவர் கதையின் முடிச்சு. மணிமேகலையிலும் ஒரு மலை சமனொளி என்ற பெயரில் வருகிறது. வான்வழி செல்லும் தரும சாரணர்கள் அதை வலம்வந்து திரும்புகிறார்கள். கிளார்க்குக்குப் போட்டியாகத் தெரிந்தது சாத்தனாருக்கு யாத்திரையாகத் தெரிந்தது. விஞ்ஞானிகளின் வழிபாடு வெறும் சடங்கு, இலக்கியத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்தச் சடங்கைப் பார்த்து வளரும் வாசகருக்குக் கோயிலும் எந்திரமும் முட்டிக்கொள்ளும் கதை இயல்பான கதையாகத் தோன்றாது என்பதுதான் பதில். தமிழில் அப்படிப்பட்ட கதைகள் எடுபடாமல் போவதற்கு இது ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

வாதக்கள மரபு அண்மைக் காலத்தில் பெருவடிவம் எடுத்தது ஜெயமோகனிடம். 'விஷ்ணுபுரம்' (1997) ஒரு கற்பனைக் கோயில் நகரத்தில் வைதிகரும் பௌத்தரும் ஞானசபையில் மோதும் நாவல். அதன் முடிவு பிரளயம். ரோஜர் ஜெலாஸ்னி 1967இல் எழுதிய 'ஒளியின் தேவன்' நாவலிலும் இந்துக் கடவுளராக வேடமிட்ட விண்வெளிக் குடியேறிகளைப் புத்தர்போன்ற ஒருவன் எதிர்க்கிறான். ஆனால் அங்கே பௌத்தம் புரட்சிக்கான உத்தி. விஷ்ணுபுரத்திலோ தருக்கம் தருக்கமாகவே பக்கம் பக்கமாக நடக்கிறது. சில வாசகர்கள் அங்கே அலுத்துப்போவது உண்மை. மணிமேகலையின் சமயக்கணக்கர் பகுதிக்கும் இதே புகார் உண்டு. 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக வந்த 'வெண்முரசு' மகாபாரதத்தையே இப்படி மறுபடி விவாதிக்கிறது. விஷ்ணுபுரத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு: கருவறையில் கிடக்கும் பெரும் சிலையைப் பழங்குடியினர் தங்கள் மூப்பன் என்கிறார்கள். பெருந்தெய்வத்தின் கீழே உள்ளூர்ச் சாமி படுத்திருக்கிறது.

அந்தத் திசையில்தான் தமிழ் அறிவியல் புனைவு இன்னும் போகவில்லை. அதில் வரும் கடவுள் பெரும்பாலும் திருமலையிலோ ஸ்ரீரங்கத்திலோ உபநிடதத்திலோ இருப்பவர். கடலோரக் குப்பங்களின் கங்கையம்மனும் எல்லையம்மனும் அதில் தென்படுவதில்லை. செங்காளம்மன் ராக்கெட் செய்திகளில் வருகிற அளவுக்குக் கதைகளில் வரவில்லை. உடைந்த கலத்தில் தத்தளிப்பவனைக் காக்க வந்த கடல்தெய்வத்திலிருந்து தொடங்கிய மரபுக்கு இது வியப்பான இடைவெளி. காரணம் பெரும்பாலும் எழுதுகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதில் இருக்கிறது: பொறியாளர்கள், அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் எழுதினார்கள், ஏவுதல் நாளில் படகைக் கரையேற்றி வைக்க நேர்ந்த வீடுகளிலிருந்து அநேகமாக யாரும் எழுதவில்லை.