தட்டைத் தண்டும் பெருந்தக்காளியும்

தக்காளி வளர்ப்போர் சில வேளைகளில் ஒரு விந்தையைக் காண்பதுண்டு. செடியின் முதற் கொத்தில், மற்றப் பூக்களினும் பருத்து, இதழ்கள் ஐந்துக்குப் பதில் பத்து, பன்னிரண்டு என மிகுந்து, மூன்று நான்கு பூக்கள் ஒட்டிப் பிறந்தாற்போல் ஒன்று மலரும். அதைத் தாங்கும் காம்பும் உருண்டையாய் இராது. நாடாவைப் போல் தட்டையாய்ப் பரந்திருக்கும். நோயென்று கருதி இதைக் கிள்ளி எறிவோர் பலர். பெருந்தக்காளியின் வரலாறோ இந்தக் கோணற் பூவின் வரலாறே எனலாம்.

நம் முற்றங்களில் நிற்கும் கோழிக்கொண்டைப் பூவை அறியாதார் இலர். அதன் அகன்ற கொண்டையும் இதே வகை மாற்றத்தால் வந்ததுதான். 1866இல் வெளிவந்த மெண்டலின் பட்டாணி ஆராய்ச்சியில், அவர் எடுத்துக்கொண்ட ஏழு பண்புகளுள் ஒன்று, தண்டு தட்டையாகிப் பூக்களெல்லாம் உச்சியில் திரளும் வகையே ஆகும். ஆக, இக்குறை சந்ததிக்குச் செல்லும் என்பது அன்றே தெரிந்த செய்தி.

தக்காளியின் முன்னோர் தென்னமெரிக்காவின் பெரு, ஈக்வடோர் நாட்டுக் கடலோரங்களில் இன்றும் காடாய்ப் படர்கின்றனர். நம் மணத்தக்காளியும் இவர்களுக்கு உறவே. காட்டுத் தக்காளியின் காய் சுண்டைக்காய் அளவினது. குறுக்கே அரிந்தால் இரண்டே அறைகள் தெரியும். இது மெக்சிக்கோவை அடைந்து, அந்நாட்டு உழவர் கையில் பெருத்தது. பதினாறாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த சகாகூன் என்னும் பாதிரியார், சந்தையில் தக்காளி விற்போர் பெரிதும் சிறிதுமாய்ப் பலவகைப் பழங்களைப் பரப்பியிருந்ததை எழுதி வைத்துள்ளார். 1544இல் இத்தாலியரான மத்தியோலி இதனைத் தம் நூலிற் குறித்தார். அக்கால ஐரோப்பிய மூலிகை நூல்களின் படங்களில் காண்பது இன்றைய கடைப் பழம் போன்ற வழவழப்பான உருண்டையன்று. பூசணிபோல் வரிவரியாய் மடிந்த தட்டைப் பழம். அறைகள் பல என்பதற்கு அம்மடிப்புகளே சான்று.

இது எவ்வாறு நிகழ்கிறது? செடியின் வளர்நுனியில் வளரச் செய்யும் ஏவல் ஒன்றும், போதுமென்று அடக்கும் ஏவல் ஒன்றும் உண்டு. அடக்கும் ஏவல் தளர்ந்தால் நுனி அகலும்; அகன்ற நுனியிலிருந்து மிகுதியான இதழ்களும் சூலறைகளும் தோன்றும். தக்காளியில் இதற்குக் காரணமான மாற்றங்கள் இரண்டு. ஒன்று, மரபுப் பொருளில் இரண்டே எழுத்துகள் மாறியது. மற்றொன்று, ஏறத்தாழ 2,94,000 எழுத்துகள் கொண்ட துண்டொன்று தலைகீழாய்த் திரும்பியது. அடக்கும் ஏவலுக்குரிய மரபணுவை அது கெடுத்துவிட்டது. இவ்வுண்மை 2015 அளவில் தெளிவாயிற்று. எழுத்தறியாத மெக்சிக்க உழவர் விதையைப் பொறுக்கியே இவற்றைக் காத்து வந்தனர் என்பதை எண்ண வியப்பாயிருக்கிறது.

பின்னர் காற்று மாறியது. கோணற் பழம் தோலுரிக்கத் தொல்லை; மூட்டையில் நசுங்கும்; அடியிலே வடுவும் பிளவும் காணும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து விதை வணிகர் அலெக்சாந்தர் லிவிங்ஸ்டன் வழவழப்பான தக்காளியை நாடினார். நல்ல பழமாய்ப் பொறுக்கி அதன் விதையைப் பல ஆண்டுகள் விதைத்தும் பயனில்லை. பிறகே, பார்க்க வேண்டியது தனிப்பழத்தை அன்று, செடி முழுவதையும் என்று உணர்ந்தார். சிறிதாயினும் ஒரே சீராய்க் காய்த்த ஒரு செடியிலிருந்து தொடங்கி, 1870இல் 'பாரகன்' என்னும் வகையை வெளியிட்டார். வணிகம் அவ்வழியே சென்றது. நட்டம் என்னவோ சுவைக்குத்தான் என்பது என் எண்ணம்.

ஆயினும் பழைய விதைகள் வீட்டுத் தோட்டங்களில் தங்கின. மேற்கு வர்ஜீனியாவில் லாரிகளின் ரேடியேட்டர் பழுது பார்த்து வந்த பைல்ஸ் என்பவர், பெருந்தக்காளிச் செடியொன்றை நடுவில் நட்டு, சுற்றிலும் பத்துச் செடிகளை வைத்து, மகரந்தத்தைத் தம் கையாலேயே மாற்றி ஆண்டுதோறும் விதை தெரிந்தார். 1940களில் நாற்று ஒன்றுக்கு ஒரு டாலர் வாங்கி, ஆறாண்டில் 6,000 டாலர் வீட்டுக் கடனைத் தீர்த்ததாக அவரே பிற்காலத்தில் கூறினார். அவ்வகைக்கு 'அடமானம் மீட்டான்' எனும் பொருள்படப் பெயர் நிலைத்தது.

போட்டிக்கு வளர்ப்போர் இன்று அப்பருத்த பூவையே தேடுகின்றனர். குளிர் நாளில் உருவாகும் முதற் கொத்தில் அது மிகுதி. அதன் சூலறைகள் எல்லாவற்றுக்கும் மகரந்தம் சேர வேண்டுமாகையால் பூவைத் தட்டி அதிர்ப்பர். கொத்தின் மற்றப் பூக்களைக் கிள்ளிவிடுவர். 1986இல் ஒக்லகோமாவில் விளைந்த 3.51 கிலோப் பழம், 2014இல் மின்னசோட்டாவில் விளைந்த 3.81 கிலோப் பழத்தால் வெல்லப்படும்வரை 28 ஆண்டுகள் முதலிடத்தில் நின்றது.