செண்பகனூரிலிருந்து சென்ற குச்சிப்பூச்சி

நான் மயிலாப்பூரில் பள்ளியில் படித்த நாட்களில், தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்க்காத பிள்ளைகள் குறைவு. இலையைக் கிள்ளிப் போட்டு, முட்டையிட்டிருக்கிறதா என்று வகுப்பு நடக்கும்போதே திறந்து பார்ப்போம். அந்த நினைவைக் கிளறியவள், இங்கிலாந்தில் படிக்கும் என் பேத்தி. தான் முதன்முதலாகக் குச்சிப்பூச்சி வளர்ப்பதாகவும், அதன் பெயர் 'இந்தியக் குச்சிப்பூச்சி' என்றும் தொலைபேசியில் சொன்னவள், "உங்க ஊர்ல அது எங்கே இருக்கும் தாத்தா?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

தேடிப் படித்தபோது வியப்பே மிஞ்சியது. அப்பூச்சி தமிழகத்தின் பழனிமலையைச் சேர்ந்தது!

கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் 1895-இல் இயேசு சபையினர் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். மதுரை மிஷனின் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் அங்கே சமயக் கல்வியோடு நில்லாமல், அம்மலையின் செடிகொடிகளையும் உயிரினங்களையும் சேகரித்தனர். செண்பகனூர் அருங்காட்சியகம் அப்படி உருவானதுதான். செண்பகனூரிலிருந்து ஐரோப்பா சென்ற குச்சிப்பூச்சியை, அதே சபையைச் சேர்ந்த ராபர் த சினெத்தி ஆராய்ந்து 1901-இல் விவரித்தார். இன்று அதன் அறிவியற்பெயர் கராசியஸ் மொரோசஸ். இலத்தீனில் 'மொரோசஸ்' என்றால் சிடுசிடுப்பானது என்று பொருள். பகலெல்லாம் காய்ந்த சுள்ளிபோல் அசையாமல் கிடக்கும் பிராணிக்குப் பொருத்தமான பெயர்தான்.

ஒரு மலையின் பூச்சி உலகெங்கும் பரவியது எப்படி? காரணம் அதன் இயல்பிலேயே இருக்கிறது. ஆணின்றியே பெண் முட்டையிடும். அம்முட்டைகள் பொரிந்து வருபவையும் பெரும்பாலும் பெண்களே. ஒரு பூச்சி நூற்றுக்கணக்கில் விதைபோன்ற முட்டைகளை உதிர்க்கும். ஐரோப்பாவில் எளிதில் கிடைக்கும் ஐவி, முள்நாவல் இலைகளைத் தின்று, வீட்டறையின் வெப்பத்திலேயே வாழும். ஆகவே ஆய்வுக்கூடங்களும் பள்ளிகளும் அதை விரும்பி ஏற்றன. 1980-இல் பிரிட்டனில் தொடங்கிய குச்சிப்பூச்சி ஆய்வுக் குழு, வளர்ப்பினங்களுக்கு எண்ணிட்டபோது முதல் எண்ணை இதற்கே தந்தது. ஆறு கால்களும் எவ்வாறு இசைந்து நடக்கின்றன என்பதை ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தார் இப்பூச்சியிடம் கற்று, எந்திரங்களையும் நடக்க வைத்தனர்.

புதிதாக வளர்ப்போர் இரண்டை மறக்கலாகாது. தோலுரிக்கும்போது அது தலைகீழாகத் தொங்கும். அதற்கேற்ற உயரம் பெட்டிக்கு வேண்டும். உயரம் போதாவிட்டால் உடல் கோணிப்போகும். மற்றொன்று, எச்சத்தோடு முட்டைகளைக் குப்பையில் கொட்டக்கூடாது. மிகுதியானவற்றை உறைய வைத்து அழித்துவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவிலும் கலிபோர்னியாவிலும் இப்பூச்சி வெளியே குடியேறித் தோட்டச் செடிகளைத் தின்கிறது. தனியொரு பெண்ணே ஒரு குலத்தைத் தொடங்கிவிடும் அல்லவா?

அப்படியானால் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நம் பிள்ளைகள் இதை வளர்க்கலாமா? வேண்டாம் என்றே நான் சொல்வேன். மலைக்குளிரில் பிறந்த குலம் அது. நாற்பது பாகையைத் தாண்டும் சென்னைக் கோடை அதற்கு ஆகாது. அதற்காகக் காட்டில் புகுந்து பிடித்துவருவதும் முறையன்று. பழனிமலையின் புல்வெளிகளையும் சோலைகளையும் சீகை மரமும் தைலமரமும் பெருமளவு விழுங்கிவிட்டன. கண்ணாடிப் பெட்டிகளில் வாழும் சந்ததிக்கு உலகில் குறைவில்லை. காக்க வேண்டியது அதன் தாய்நிலத்தை.

செண்பகனூருக்குச் சுற்றுலா செல்லும் நாம் அருங்காட்சியகத்தைப் பார்த்துத் திரும்புகிறோம். அவ்வூரின் பெயர் நம் பாடநூலில் ஒரு வரியாகவேனும் இடம்பெற வேண்டாமா? 'இந்திய' என்ற பெரிய பெயருக்குள் சிற்றூரின் பெயர் மறைந்துவிட்டது.

பேத்திக்கு இவற்றையெல்லாம் எழுதி அனுப்பினேன். மறுவாரம் ஒரு புகைப்படம் வந்தது. பூச்சிப்பெட்டியின்மேல் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. கோணல் எழுத்தில், தமிழில்: செண்பகனூர்.